நான்கு இசைத்தட்டுகள்

காஜா பேராங், 15.8.1943, ஞாயிறு.

காலையில் அந்த நான்கு இசைத்தட்டுகளையும் நானே தரையில் அடித்து உடைத்தேன். பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசித்தவை. தோட்டத்து வெள்ளைத் துரை ஜப்பானியருக்குப் பயந்து சிங்கப்பூருக்கு ஓடும்போது என்னிடம் விட்டுப்போனவை. அவற்றைக் கேட்கத்தான் ஜப்பானிய அதிகாரி ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்தான். கிராமபோன் ஊசி கிடைப்பதில்லை. மூங்கிலைச் சீவி மாட்டி, நான்கு நிமிடத்துக்கொரு முறை தட்டைத் திருப்பிப் போட்டபடி நிற்பேன். தெருவே என்னைக் காட்டிக்கொடுக்கிறவன் என்றது. பக்கத்து வீட்டு ராசம்மா முகம் கொடுத்துப் பேசி ஐந்து மாதம். அவன் வருவதை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கைதவறி விழுந்துவிட்டன என்றேன். அதிகாரி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான். இனி இங்கே தனக்கு வேலையில்லை என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் ராசம்மா வாசலில் வந்து நின்றாள். மத்தியானம் அவள் கணவனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கென்று பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்களாம். அங்கே போனவர் யாரும் இதுவரை திரும்பியதில்லை.

"உங்க வீட்டுக்கு வர்ற ஜப்பான்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பான்."

அடுத்த ஞாயிறு கேட்கிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சித் துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். இரண்டுகூடச் சேரவில்லை.