இடது தோள் வெளுப்பு

09:10

இல்லை, பயந்து திரும்பவில்லை. தலை வலித்தது. கால் பின்னியது. கையிலிருந்த தூரிகை இரண்டாகத் தெரிந்தது. திரும்பினேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பொன்னரசி. இந்த நிலா ஆய்வு நிலையத்தில் இருப்பது நான் ஒருத்திதான். கூரையில் சூட்டை வெளியேற்றும் தகடுகளில் தூசி படிந்துவிட்டது. வெளியே போய்க் கால் பங்குதான் துடைத்தேன். உள்ளே 36 டிகிரி, ஏறுகிறது. 45-ஐத் தொட்டால் காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரம் நின்றுவிடும்.

11:40

விண்வெளி உடையின் பதிவைப் பார்த்தேன். குளிர்நீர்க் குழாய் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

உடையின் உட்புறம், இடது தோளில் ஒரு சென்சார். தோள் ஈரமானால் குளிர்நீர் ஓடும். காய்ந்திருந்தால் எனக்குச் சூடில்லை என்று அர்த்தம். கையால் திறக்க ஒரு திருகு இருந்ததாம். எடையைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். இதுவரை நான் வெளியே போனதெல்லாம் சூரியன் தாழ்ந்து சூடு குறைந்திருந்தபோது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

பூமியிலிருக்கும் டாக்டர் ரெங்கராஜனுக்கு எழுதினேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி இல்லை, அம்மா வழியில் வந்த மரபணுக் குறை, எனக்கும் கொஞ்சம் இருக்கலாம் என்று.

"அது ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்றதும்மா. நீ சும்மா கடத்துறவ, அவ்வளவுதான். சென்சார்ல ஒரு குறையும் இல்ல. தண்ணி குடிச்சிட்டு ரெஸ்ட் எடு."

கடத்துபவள். விமான நிலையத்தில் பிடிபட்டவள் மாதிரி.

14:05

மருந்துப் பெட்டியில் அயோடின். சமையல் அலமாரியில் சோள மாவு. குச்சியில் பஞ்சைச் சுற்றி முதுகெங்கும் அயோடின் பூசினேன். காய்ந்ததும் மாவைத் தூவிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். வேர்த்த இடம் கறுக்கும். கேமராவுக்கு முதுகைக் காட்டினேன்.

வரிகள். முதுகெலும்பிலிருந்து சரிந்து இறங்கும் வரிகள். கறுப்பு, வெளுப்பு, மறுபடி கறுப்பு. மழைநீர் வழிந்த சுவர்.

கருவிலேயே ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை மூடிவிட்டது. அம்மா கொடுத்தது திறந்திருக்கும் இடத்தில் வேர்வை இல்லை. இருபத்தொன்பது வருடம் இதைச் சுமந்திருக்கிறேன். பார்த்ததில்லை.

இடது தோள் முழுக்க வெளுப்பு.

படத்தை அனுப்பினேன்.

"அயோடின் சரியாப் பூசல போலருக்கும்மா. தனியாப் பூசினா அப்படித்தான். சென்சார இடம் மாத்துறதுன்னா கமிட்டி ஒத்துக்கணும். திங்கக்கிழமை கூடுறாங்க."

என் முதுகைப் பற்றி என் முதுகே சொல்லியும் போதவில்லை.

உள்ளே 39. திங்கட்கிழமைக்குள் 45 தாண்டிவிடும். சென்சாரைப் பிய்த்துப் பார்க்கலாம். பிய்த்தால் உடை கசியும்.

16:30

தம்பி மாரிக்கனியின் குரல் வந்தது. சாத்தூர் பஸ் டிப்போவில் மெக்கானிக். உறவினர் பேச இரண்டு நிமிடம் தருவார்கள்.

"என்னக்கா, நிலாவுல போயி வேர்க்கலன்னு அழுதியாம்ல? நான் சாத்தூர் வெயில்ல பொறந்ததுலருந்து வேர்க்காமத்தான் அலையுறேன். எனக்கு எவன் ராக்கெட் விட்டான்? சரி, கேளு. தலவலி வரட்டும்னு காத்திருக்காத. வந்துட்டா லேட்டு. நான் டிப்போவுக்குக் கெளம்பும்போதே பனியன முக்கிப் போட்டுக்கிடுவேன். எல்லாரும் சிரிப்பானுக. சிரிச்சுட்டுப் போறானுக. வேர்வை வரலன்னா நாமளே ஊத்திக்கிட வேண்டியதுதான. அம்மாட்ட ஒண்ணும் சொல்லல. வந்து சேருக்கா."

மறுபடி கேட்டேன்.

வேர்வைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் உடைக்குத் தெரியாது.

17:15

பனியனைக் குடிநீரில் முக்கி, பிழியாமல் போட்டுக்கொண்டேன். உடைக்குள் நுழைந்தேன். ஒரு கிளிக். விலாவைச் சுற்றிச் சில்லென்று நீர் ஓடியது. சிரிப்பு வந்தது, தனியாகச் சிரித்தேன்.

வெளிக்கதவுக்கு முன்னால் நிற்கும்போது ரேடியோவில் டாக்டர்.

"பாத்தியாம்மா! சென்சார்ல தெரியுது, இப்ப வேர்வை பிரமாதமா வருது. நான்தான் சொன்னேன்ல, பொண்ணுங்களுக்கு அது வராதுன்னு. எல்லாம் பயம். உன் ரெக்கார்டுலயும் ஏத்திட்டேன், பாதிப்பு இல்லன்னு. இனிமே இந்த மாதிரி குடும்பத்துலேருந்து வர்ற பொண்ணுங்களுக்கும் தனியா டெஸ்ட் தேவையில்லன்னு எழுதிடலாம்."

வாயைத் திறந்தேன். உள்ளே 41.

ரேடியோவை அணைத்தேன். தூரிகையை எடுத்தேன். கதவைத் திறந்து கூரைக்கு ஏறினேன்.