பிள்ளைக்காகக் காய்ந்த விறகு

அன்புள்ள உம்மாவுக்கு,

உங்கள் எல்லோர் மேலும் சாந்தி உண்டாகட்டும். முழங்கால் வலி குறைந்ததா? வாப்பா நேரத்துக்கு மருந்து எடுக்கிறாரா? நான் அக்கரப்பத்தனையில் சுகமாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிரசவம் பார்த்தேன். பயப்படாதீர்கள், தாயும் மகளும் நலம். மழையில் பாதை சரிந்து ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. அதற்குள் அந்தத் தாய் ஜீவராணிக்கு வலி கூடிவிட்டது. அறையில் கடும் குளிர். வாசலில் கிடந்த விறகை வைத்து நானே அடுப்பை மூட்டினேன். எனக்குக் கேஸ் அடுப்புதானே பழக்கம்? கட்டையின் நுனியில் தண்ணீர் நுரைத்தது. அறை முழுக்கப் புகை.

அவள் கணவன் தனுஷன் ஓடிவந்தான். "அது பச்ச வெறகு மிஸ்ஸி, இருங்க" என்று கூரைக்கடியில் அடுக்கியிருந்த தேயிலைக் கட்டைகளை இறக்கினான். மருத்துவிச்சியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றோடொன்று மோதியபோது கணீரென்று ஒலித்தன. சுள்ளியிலிருந்து தீ தாவிப் பிடித்தது.

"இதெல்லாம் எப்ப வெட்டினீங்க?"

"இவ முழுகாம இருக்கான்னு நீங்க சொன்ன அன்னைக்கே, மிஸ்ஸி. புள்ள வர்றப்ப காஞ்சிருக்கும்னு பொளந்து வச்சேன்."

உம்மா, உள்ளே பிள்ளை வளர்ந்த காலமெல்லாம் வெளியே அந்த விறகு காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த அனலருகே, தாயின் நெஞ்சில் கிடந்து பிள்ளை கண் திறந்தபோது சுப்ஹானல்லாஹ் என்று சொன்னேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் எனக்குக் கொஞ்சம் மாசிக் கருவாடும், நான் வைத்துக்கொள்ள நீங்கள் உடுத்திய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன் உம்மா.

மகள்,
ரிஃப்னா