குறை நினையாதேங்கோ, அண்ணை

இன்று மாலை பயிற்சிக்குப் போனபோது, உடைமாற்றும் அறையில் எவனோ உடம்பு நோவுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தலைத் திறந்துவிட்டான். மணம் மூக்கில் ஏறிய மறுகணம், விசரா, நீதான் வந்து நின்றாய். மன்னாரிலிருந்து வருகிற ஆட்களிடமெல்லாம் உன் அம்மா கொடுத்துவிடுவாவே, அதே எண்ணெய். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய இத்தாலியப் பெடியள், ஒரு மாதத்துக்குள் சட்டையைக் கழற்றிவிட்டு உன் முன்னால் வரிசையில் நின்றார்கள். உன்னோடு அதுவும் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். யார் ஒளித்து வைத்திருந்தார்களோ தெரியாது.

எங்கள் சின்னக் கல்லூரிக்கு ஒரு அமெரிக்கன் புட்போல் அணி இருந்ததே பலெர்மோவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பந்தை எறிகிறவன் நான். எறிவதற்குள் என்னை நொறுக்க ஓடி வருகிறவர்களை மறிக்கிற முன்வரிசைக்காரன் நீ. வலக்கையால் எறிகிறவனுக்கு இடப்பக்கம் முதுகு. அங்கிருந்து வருகிறவனை அவன் காணமாட்டான். அந்த இடப்பக்கம் உன்னுடையது. படித்த காலம் முழுக்க ஆட்டத்தில் பந்தை நீ கையால் தொட்டதில்லை. உன்னை ஒருவரும் படம் பிடித்ததுமில்லை. ஆனால் உனக்கு எதிரே நின்றவன் மறுநாள் சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்ட முடியாமல் திரிந்தான்.

குனிந்து, ஒரு கையை மண்ணில் ஊன்றி, எதிரே நிற்பவனின் கண்ணைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சொல்வாய்: “குறை நினையாதேங்கோ, அண்ணை.” அடுத்தது இடிதான். உன் இரண்டு உள்ளங்கைகளும் நெஞ்சில் இறங்க, அவன் மூச்சு வெளியே போகிற சத்தம் பின்னால் நிற்கிற எனக்கும் கேட்கும். ஒருவன் விலா முறிந்து சத்தி எடுத்தான். இன்னொருவனுடைய பல் என் காலடியில் வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

“அடிக்கேக்கை உனக்குக் கோவம் வாறதோடா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லையடா. அடிச்சு முடியப் பசிதான் வாறது” என்றாய்.

ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர் உன்னைப் பார்க்க வந்தார்களே, அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வருகிறது. பிடித்திருந்தால் சம்பளத்துக்கு ஆடக் கூட்டிப்போவார்கள். மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் நீ சட்டி கழுவுகிற வேலைக்கு ஒரு கும்பிடு போடலாம். முன்வரிசைக்காரன் தள்ளலாம், இடிக்கலாம். பிடித்து இழுத்தால் குற்றம். உன்மேல் அந்தக் குற்றம் ஒருநாளும் விழுந்ததில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர்கள் வந்ததே.

அன்று உனக்கு எதிரே கத்தானியாவிலிருந்து வந்த அந்த மொட்டை. ஆட்டம் முழுக்க இரண்டு பேரும் நாம்பன் மாடுகள் மாதிரி முட்டிக்கொண்டீர்கள். உன் சின்னவிரல் பின்பக்கம் மடிந்து தொங்கியது; பக்கத்து விரலோடு சேர்த்து நாடாவால் சுற்றிக்கொண்டு திரும்ப வந்து குனிந்தாய். அவன் மூக்கு உடைந்து தாடியெல்லாம் இரத்தம்.

அன்றைய ஆட்டத்தின் கடைசி எறிதலில் அவன் உன்னைத் தாண்டிவிட்டான். தலையைக் குனிந்துகொண்டு என் முதுகுக்கு நேரே வந்தான். நான் காணவில்லை. நீ கண்டாய். பின்னாலிருந்து கழுத்துப்பட்டியில் பிடித்து அவனை நிலத்தில் அறைந்தாய். தோள்மூட்டு கழன்ற சத்தமும் அவன் அலறலும் ஒன்றாகக் கேட்டன. அதற்குள் நான் எறிந்த பந்தை எங்கள் ஆள் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தான். வென்றுவிட்டோம் என்று துள்ளினேன். திரும்பினால், குற்றம் என்று நடுவர் வீசிய மஞ்சள் துணி உன் காலடியில் கிடக்கிறது. வெற்றி இல்லையென்றாகிவிட்டது. ஜெர்மன்காரர் இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

“மூதேவி! உன்ரை வாழ்க்கையையெல்லோ பிடிச்சு இழுத்து விழுத்திப்போட்டாய்!” என்று உன் நெஞ்சில் குத்தினேன். உனக்கு அது நுளம்பு கடித்த மாதிரிக்கூட இருந்திராது.

“விட்டிருந்தா உன்ரை கழுத்து முறிஞ்சிருக்கும். பிறகு நான் ஆரோடையடா கதைக்கிறது?” என்றாய்.

மொண்டெல்லோவுக்கே திரும்பிப் போனாய். போன கோடையில், அந்தச் சட்டிகளைக் கழுவிவிட்டு மோட்டார்சைக்கிளில் வருகிற வழியில், லொறி உன்னை அடித்தது. உன்னை, அதுவும் பின்னாலிருந்து! எனக்கு ஆற்றாமல் இருக்கிறதடா. உனக்குப் பின்னால் நிற்க ஒருத்தரும் இருக்கவில்லை.

தேவாலயத்தில் உன் அடக்கப் பூசைக்கு அந்த மொட்டை வந்திருந்தான். ஒரு தோள் இன்னும் சரிந்துதான் இருக்கிறது. என்னை வெளியே கூப்பிட்டு, “ஒவ்வொரு முறையும் இடிக்க முன்னம் இவன் எனக்கு என்னவோ சொன்னான். என் தாயைத் திட்டுகிறான் என்று நினைத்து நான் இன்னும் மூர்க்கமாய் வந்தேன். என்ன சொன்னான்?” என்று கேட்டான்.

சொன்னேன். மலை மாதிரியான அந்த மனிதன் கோயில் படியில் குந்திவிட்டான். பிறகு அதைத் தனக்குச் சொல்லித்தரச் சொன்னான். உள்ளே போய், உன் பெட்டியின் ஓரத்தில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, உன்னிடமே அதைச் சொன்னான். உன் சித்தி வைத்த ஒப்பாரியில் அது உனக்குக் கேட்டதோ என்னவோ.

இன்று பயிற்சி முடிந்து கபோ சந்தைக்குள்ளால் நடந்து வந்தேன். என் தோளில் உன் எண்ணெய். மீன் வண்டிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து “விலகு!” என்று கத்தினான். சட்டென்று திரும்பினேன். நீ காப்பாற்றித் தந்த இந்தக் கழுத்து இன்னும் நன்றாகத்தான் திரும்புகிறது, மச்சான். எப்பவும் இடப்பக்கந்தான் முதலில் திரும்புகிறது. அங்கே நீ இல்லை.