அவர் கேட்ட பொதி

என் கண்ணு பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். நாங்க இங்கே நல்லா இருக்கோம், உன் உடம்பும் மனசும் அங்கே ஒரு குறையும் இல்லாம இருக்கணும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனா மாத்திரையை நான் கையில குடுத்தாத்தான் விழுங்குவார். தம்பி மீசையை எடுத்துட்டான், அவன் மூஞ்சி இவ்வளவு சின்னதுன்னு இப்பத்தான் தெரியுது. போன வாரம் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டே, சளின்னேன். சளி இல்லடி. போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

பஸ் நிலையத்துல தொலைஞ்ச சாமான் கவுன்ட்டர்ல நான்தானே உக்காந்திருக்கேன். திங்கக்கிழமை ஒரு பெரியவர் வந்து, என் பொதியை பஸ்லயே விட்டுட்டேம்மான்னார். பொதியா, கழுதை எங்கேன்னு நான் சத்தமாக் கேட்டேன். வரிசையே சிரிச்சுது. அவரும் கூடச் சேர்ந்து சிரிச்சார். சீட்டுல பைன்னு எழுதி உள்ளே அனுப்பினேன். கிடங்குக்காரர் பையாத் தேடிட்டு இல்லைன்னுட்டார். மறுநாள் காலையிலயும் அந்தப் பெரியவர் வந்தார், நான் நிமிர்ந்துகூடப் பார்க்கல. புதன்கிழமை பார்த்தா அலமாரிக்குப் பின்னால போர்வையில நாலு முனையும் முடிஞ்ச ஒரு மூட்டை. உள்ளே ஒரு பொம்பளையோட துணிமணி, சீப்பு, வீட்டு விலாசத்தோட ஆஸ்பத்திரிச் சீட்டு.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் சொன்னாங்க, அந்தப் பெரியவரோட சம்சாரத்தை நேத்தே வீட்டுக்கு அனுப்பியாச்சு, மாத்துத் துணி வரல, வார்டு உடுப்போட மேல ஒரு போர்வையைச் சுத்திக்கிட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டே போச்சுன்னு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து உன் பள்ளிக்கூட அகராதியை எடுத்தேன். பொதியறதுன்னா உள்ளே வச்சு மூடறது, மறைக்கிறதுன்னு போட்டிருக்கு. அப்படி மூடிக் கட்டினதாலதான் மூட்டைக்கும் பொதின்னு பேர் வந்திருக்கும். அர்த்தம் பொதிஞ்ச பேச்சுன்னு நாமளே சொல்றோம், அதே பொதிதான். எனக்கு மட்டும் கழுதை ஞாபகம் வந்துது பாரு.

வியாழக்கிழமை லீவு போட்டு, மூட்டையை எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி அவங்க வீட்டுக்குப் போனேன். அந்தம்மாதான் கதவைத் திறந்தாங்க. கழுதை எங்கேன்னு கேட்டது நான்தான்னு சொல்லிட்டேன். அவங்க முடிச்சை அவுத்துப் பார்த்து, எல்லாம் இருக்குன்னாங்க. அப்புறம், அவர் இப்ப வீட்டுலகூட லக்கேஜ்னுதான் சொல்றார்னு சொல்லிட்டு, கதவை மெதுவாச் சாத்திட்டாங்க. திட்டியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

நீ அங்கே போன புதுசுல, நம்ம ஊர்ப் பேச்சுல வாயைத் திறந்தாலே சிரிக்கிறாங்கம்மான்னு அழுதே. அவங்களைப் பெத்தவங்க என்னத்தைச் சொல்லி வளர்த்தாங்களோன்னு நான் ஆங்காரமாக் கேட்டேன். அந்தக் கேள்வியை இப்ப எங்கே கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல.

கண்ணாடியை மாத்து, தலைவலியைத் தள்ளிப் போடாதே. அப்பாகிட்ட இதைச் சொல்லிடாதே, நானே சொல்லணும், இன்னும் தைரியம் வரல. எந்த ஊர்லயும் உன் பேச்சு உன் பேச்சாவே இருக்கட்டும், நூறு வயசு நல்லா இரு.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் கூசற
அம்மா