இழுப்பறையில் வைத்த போன்

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். நலம்தான், தாத்தாவின் கண் நன்றாக ஆறிவருகிறது, அப்பா அடுத்த மாதம் விடுப்பில் வருகிறார். உன் உடம்பும் வேலையும் எப்படி என்று எழுது. ஆனால் இந்த வாரம் நடந்ததை நினைத்தால் நலம் என்ற சொல்லை எழுதவே கை கூசுகிறது. போனில் சொல்லியிருக்கலாம், பாதியில் குரல் உடைந்துவிடும் என்று பயந்து எழுதுகிறேன்.

தாத்தா காலை ஆறு மணிக்கு எழுந்ததும் தன் கூட்டாளிகளுக்கு வரிசையாக மிஸ்டு கால் கொடுப்பது உனக்குத் தெரியும். ஒரு மணி அடிக்கும், வைத்துவிடுவார், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மணி வரும். நாம் இரண்டு பேரும் அதைக் கஞ்சத்தனம் என்று எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறோம். திங்கட்கிழமை கண் அறுவை முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். போன் திரையைப் பார்த்துக் கண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நான் போனைச் சத்தமில்லாமல் செய்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மூன்று முறை கேட்டார். கடைசி முறை, "மூணு நாள் மிஸ்டு கால் கொடுக்கலைன்னா உலகம் நின்னுடாது மாமா" என்றேன். ஏன் காரணம் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன், "நீ சிரிப்பேம்மா" என்றார். சிரித்துத்தான் இருப்பேன்.

புதன்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓய்வுபெற்ற நர்ஸ், முனைக்கடைத் தையல்காரர், பழைய தபால்காரர் மூன்று பேரும் சலவைத் துணி உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்து, "எப்பம்மா போனாரு? ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா?" என்று அழத் தொடங்கிவிட்டார். காலை மணி வந்தால் ஆள் நலம், வராவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்பதுதான் அவர்கள் ஏற்பாடாம். உள்ளே நாற்காலியில் காப்பி டம்ளரோடு தாத்தா. தையல்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க உயிரை வாங்கிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்களே" என்று திட்டினார். எனக்கே சிரிப்பு வந்தது. தாத்தா சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "டிரைவர் எங்க?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வதில்லை, எல்லா மணியும் தாத்தாவிடம்தான் வந்து சேரும். "நான் செத்தேன்னு கேட்டா முதல்ல வர்றவன் அவன்தான். வரலைன்னா அவனுக்குத்தான் என்னவோ. சமையலறை நாள்காட்டிக்குப் பின்னால அவன் வீட்டுச் சாவி தொங்குது, எடுத்துக்கிட்டு ஓடும்மா" என்றார். எதற்கும் உதவாத சாவி என்று போன மாதம்தான் அதைக் குப்பையில் போடப் பார்த்தேன்.

உன்னைக் கல்லூரிப் பேருந்தில் நான்கு வருடம் கூட்டிப்போனாரே, அந்த டிரைவர்தான். அடுத்த தெரு, இரண்டாவது மாடி, நானும் நர்ஸும் ஓடினோம். குளியலறைத் தரையில் கிடந்தார், சின்னு. செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை நாள். நான் பதறித் தூக்கப் போனேன், நர்ஸ்தான் அதட்டித் தடுத்து, ஈரத்துணியால் உதட்டை நனைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை அசையவிடாமல் பிடித்திருந்தார். டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அவனை எடுத்துட்டாங்களா?" தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மாமா நன்றாக இருக்கிறார், போனை ஒளித்து வைத்தது நான்தான் என்றேன். "அப்ப சரி. வீட்டுல உங்களுக்குத்தான் திட்டு இருக்கு" என்றார். பிழைத்துவிட்டார், எலும்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். இனி தனியாக நடப்பாரா என்பது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். இருபத்து மூன்று மிஸ்டு கால். திங்கட்கிழமை மட்டும் டிரைவரிடமிருந்து நான்கு, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. யார் பார்த்தாலும் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்திருக்கும். தகவல் திரட்டுவதற்குச் சம்பளம் வாங்கும் நான் அதைப் பூட்டி வைத்திருந்தேன். எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் அறுபத்தைந்து தாண்டினால் எல்லோரும் சார்ந்திருப்போர் என்ற ஒரே கட்டத்தில் விழுவார்கள். தாத்தாவையும் அதில் என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். அந்தச் சொல் சரியில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னேன், "உங்களுக்கு என்ன ஆச்சு மேடம்?" என்று சிரித்தார். வயதானவர்களெல்லாம் தெய்வங்கள் என்று எழுத எனக்கு இப்போதும் வராது. தாத்தா இன்னமும் குளியலறை விளக்கை அணைப்பதில்லை, டிவியை ஊருக்கே கேட்கும்படிதான் வைக்கிறார்.

இன்னொன்று. நேற்று அலுவலக வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, "பெரியவருக்கு உடம்பு முடியலையாம்மா? மூணு நாளா போனே காணோமே" என்றார். எந்தப் பெரியவர் என்றேன். தினமும் பத்து மணிக்குக் கூப்பிட்டு, அம்மா வந்து சேர்ந்தாங்களா என்று கேட்பாராம். காலை ஒன்பதே முக்காலுக்கு மாமாவிடமிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். மாமாவுக்கு விரல் நடுக்கம், தவறி அழுத்துகிறார் என்று நான் திருப்பி அடித்ததே இல்லை. மாலையில் அவருடைய சட்டைப்பையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். மேலே 'தனியா இருக்கறவங்க' என்று எழுதி, கீழே ஐந்து வரி. ஐந்தாவது, மருமகள். நீ விமானம் ஏறின தேதியைப் பக்கத்தில் போட்டிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன மாமா இது என்றேன். "சாயங்காலம் வந்தா யார்கிட்டயும் பேசாம சாப்பிட்டுப் படுக்கற. நான் வேற என்ன செய்யறது?" என்றார்.

அவருடைய கண் ஆறும்வரை ஆறு மணிக்கு நான்தான் மணி அடிக்கிறேன். நர்ஸ் ஒரு நிமிடம் தாமதித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, காலைச் சாப்பாட்டை விடாதே. எந்தக் குறையும் வராமல் மனம்போல வாழ்வாய். மறக்காமல் ஒன்று செய், எழுந்ததும் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடு. நான் எடுக்க மாட்டேன், திருப்பி ஒரு மணி அடிப்பேன். தாத்தாவின் பட்டியலில் ஆறாவது வரி உன் பெயர். இன்று காலை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா