ஓடைக்குக் குறுக்கே ஒரு கடவு

மசுதா, ஜூன் 18

அன்புள்ள தமயோ அக்காவுக்கு,

என் மலையில் நான் வெட்டிய வண்டிப்பாதை நேற்று சரிந்து, சேறு உன் வசாபிக் கிழங்குப் பாத்திகளில் இறங்கிவிட்டது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்; அதனால் எழுதுகிறேன்.

மழையில் ஓட்டியிருக்கக் கூடாதுதான். என் கடையில் மரம் இறக்கும் வண்டி வாங்க வந்த இசோபே, "என்னப்பா கென்சாகு, மழையக் கண்டா முக்காடு போட்டுக்குமா ஒன் வண்டி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நானே ஏறி, பாரத்தோடு ஓடையைக் கடந்து காட்டினேன். இரண்டு பேர் கயிறு கட்டி நாள் முழுக்க இழுக்கிற சுகி மரங்களை அந்தச் சின்னச் சங்கிலிச் சக்கர வண்டி மதியத்துக்குள் இறக்கிவிடுகிறது. அதைத்தான் அவர்கள் பார்க்க வந்தார்கள்.

நஷ்டம் எவ்வளவு என்று சொல், தந்துவிடுகிறேன்.

உன் தம்பி,
கென்சாகு

ஹிகிமி, ஜூன் 20

தம்பி கென்சாகுவுக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்தே சரியில்லை.

மேல்பாத்தி போய்விட்டது. வசாபிக்கு மூச்சே ஓடுகிற தெளிந்த தண்ணீர்தான். கல்லிடுக்கெல்லாம் சேறு அடைத்துக் கிழங்கு அழுகுகிறது. கீழ்ப்பாத்தி மட்டும் பிழைத்திருக்கிறது. அடுத்த நடவுக்கான நாற்றெல்லாம் அதில்தான். உன் அத்தான் போனபின் எனக்கென்று இருப்பதும் அதுதான்.

நேற்று மேலே ஏறிப் பார்த்தேன். ஓடைக்குக் குறுக்கே மரத்தை அடுக்கி மண் கொட்டிக் கடவு போட்டிருக்கிறாய். அடியில் வைத்த குழாயைக் கிளைகள் அடைத்து, பின்னால் தண்ணீர் குளமாக நிற்கிறது. உன் டிரைவர் மொரிவாகியிடம் பிரிக்கச் சொன்னேன். "மொதலாளி சொல்லாம கை வெச்சா என் வேலை போயிடும்மா" என்கிறான்.

பணம் வேண்டாம். அடுத்த மழைக்குள் அதைப் பிரித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தமயோ

மசுதா, ஜூன் 21

அக்கா,

திங்கட்கிழமை கட்டாயம் பிரித்துவிடுகிறேன். நாளை இசோபே இன்னும் சிலரைக் கூட்டி வருகிறார். கடவு இல்லாவிட்டால் வண்டி மரத்துப் பக்கமே போக முடியாது. இந்த வியாபாரமும் கைவிட்டுப் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். குழாய் அடைப்பை மொரிவாகி குத்தி எடுத்துவிடுவான். அதுவரை பொறுத்துக்கொள்.

கென்சாகு

மசுதா, ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பெய்த மழையில் கடவு உடைந்தது. கீழ்ப்பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. உன் வாசலில் நின்று, "கதவத் தெற அக்கா, திட்டவாவது செய்" என்று கத்தினேன். உள்ளே விளக்கு எரிந்தது. நீ வரவில்லை.

சனிக்கிழமை வண்டிகள் விற்றன. அதை உன்னிடம் மறைக்கவில்லை.

நீ சொல்லி அனுப்பியதை மொரிவாகி அப்படியே ஒப்பித்தான்: "அவன் வியாபாரி. அவன் பாஷையிலேயே பேசறேன்னு சொல்லுப்பா."

பேரம் பேசவில்லை. நீ கேட்டபடியே எழுதுகிறேன். ஓடைக்கு மேலுள்ள சரிவு, நிற்கிற மரங்களோடு உன் பேருக்கு. பாதையை நானே உடைத்து, நாற்று நட்டு மூடுகிறேன். மற்ற மலையில் மரம் இறக்கினால் மழைக்காலம் கழித்து, கம்பிக்கயிற்றில் தொங்கவிட்டு, மறுபக்கமாக மட்டும். ஓடைத் தண்ணீர் தெளிகிறவரை உன் வாசலுக்கு வருவதில்லை. தெளிந்ததா என்று சொல்ல வேண்டியவள் நீ.

ஒப்புக்கொள்கிறேன்.

கென்சாகு