நடுச்சுவரில் ஒரு வாசல்

தம்பிக்கு,

பக்கத்து வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இந்தத் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் வாசலில் வந்து நிற்க, கடையை விட்டு வர எனக்கும் நேரமில்லை.

வீட்டு வரி ஏறியதும் உன் பாதியை விற்க ஆள் தேடுகிறாயாம். தரகர் அதை என்னிடமே விற்கப் பார்த்தார். வரி கட்டுவதற்காக வீட்டை விற்பது வியாபாரமே இல்லை.

நேற்று அளக்க வந்த நகராட்சி அலுவலரிடம் விசாரித்தேன். ஒரே வீடு என்றால் வரி பழையதை ஒட்டியே நிற்குமாம். இரண்டு வீடு என்று எழுதுவதால்தான் இந்த அடி.

“அண்ணன் தம்பி சார், ஒரே குடும்பம்” என்றேன்.

அவர் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார். “அப்படின்னா போக வர வழி எங்க?”

உன் அண்ணி சும்மா இருப்பாளா? “நல்லாக் கேளுங்க சார். இவங்க பேச்சை நிறுத்திச் சுவரு வச்ச நாள்லேருந்து நானும் அதைத்தான் கேக்குறேன்” என்றாள்.

ஆகவே வியாழக்கிழமை கொத்தனார் வந்து சுவரை இடித்து வாசல் வைப்பார். உன் பக்கம் பீரோ இருந்தால் நகர்த்தி வை. கதவுக்கு நீ எதுவும் தர வேண்டாம். கடையில் விலை போகாத ஒன்று கிடக்கிறது. இது வரிக்காக மட்டும்தான், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைப்பது என்று கொத்தனார் கேட்டார். உன் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்